பூ வலம் சுற்றிய மனை

நம் வயதுக்காரர்களுக்குப் புதிதாக ஒரு வியாதி வந்திருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு வருவது. மலையில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்கிற வியாதி. காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கும்போது நீங்கள் எல்லோரும் அதைத்தான் பேசுகிறீர்கள். ஒருவர் கோத்தகிரிப் பக்கம் மனை பார்த்துவிட்டு வந்திருக்கிறார், இன்னொருவர் குன்னூரில் அட்வான்ஸே கொடுத்துவிட்டார். செல்போனை நீட்டிப் படம் காட்டுகிறீர்கள். நான் "நல்லா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடையை எட்டிப் போடுகிறேன். பொறாமை என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறையாது.

ஆனால் நானும் மலையில் சொந்த வீட்டில் இருந்தவள்தான். ஒரு வருஷமும் ஒரு மாதமும். அங்கே நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கட்டிக்கொண்டவரிடம்கூட.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. கோயம்புத்தூரில் இரண்டு பஞ்சாலைகளுக்கு நடுவில் எங்கள் வீடு. அப்பா அதில் ஒன்றில் குமாஸ்தா. தங்கைக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. படுத்தால் மூச்சு வராது என்று அம்மா அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தபடியே தூங்குவாள். அவள் நெஞ்சுக்குள்ளிருந்து பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

பார்த்த டாக்டர், பஞ்சுத் தூசு இந்தக் குழந்தைக்கு ஆகாது, இடம் மாற்றிப் பாருங்கள் என்றார். அவர் மலை என்று சொல்லவில்லை. மலையைச் சேர்த்துக்கொண்டது அப்பாதான். கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவை ஊட்டிக்குப் போய் வந்தவர் அவர். அங்கே மூச்சு விட்டால் வயிறு வரை போகும் என்பார். கெட்டும் பட்டணம் சேர் என்பது ஊர்ப் பழமொழி. நாங்கள் பட்டணத்தை விட்டுவிட்டுக் கெடப் போனோம்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, காய்கறி லாரிக்காரர். கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்ற வாராவாரம் ஊட்டிக்கு அந்தப் பக்கம் இத்தலாருக்குப் போய் வருவார். அவர்தான் துப்புக் கொண்டுவந்தார். இத்தலாரைத் தாண்டிக் கடைசி பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்தால் ஒரு ஊர், அதற்குக் கீழே ஓடையோரம் ஓட்டு வீடு ஒன்று, சுற்றிலும் சமமான நிலம், விலை மலிவு. கீழ்நாட்டிலிருந்து போன ஒரு மளிகைக்கடைக்காரர் கட்டியது.

சித்திரை மாதம் பார்க்கப் போனோம். அந்த வெயிலை இப்போது நினைத்தாலும் தோல் கூசுகிறது. சுடாத வெயில். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மலையில் அவ்வளவு சமமான இடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. தங்கை அங்கும் இங்கும் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஓடிவிட்டு வந்து நின்றாள், சத்தமே இல்லாமல் மூச்சு விட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மேலே சரிவில் வரிசையாக வீடுகள். படகர்களின் ஊர் அது, மேலூர் என்று நாங்கள் சொல்வோம். அத்தனை வீடும் மேலேயே இருந்தது, பள்ளத்தில் இந்த ஒரு வீடுதான். அம்மாவுக்கு அது கண்ணில் பட்டது. ஏனுங்க, கீழ ஒரு ஊடுகூட இல்லையே என்று கேட்டாள். ஓடையிலிருந்து அத்தனை தூரம் குடம் சுமக்கிறார்கள் பார், பழக்கதோஷம் என்றார் அப்பா.

அப்பா ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு, உங்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும். முழ ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு பூவை மிதக்க விடவேண்டும். தண்ணீர் சீக்கிரம் வற்றினால் மனை ஆகாது. நின்றால் நல்லது. பூ வலமாகச் சுற்றினால் உத்தமம். அப்பா மண்வெட்டி இரவல் வாங்கி அவரே வெட்டினார். நான்தான் ஓடையிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினேன். நாலைந்து சொம்பிலேயே நிறைந்துவிட்டது. வேலியில் பூத்திருந்த ஒரு வெள்ளைப் பூவைப் பறித்து அதில் போட்டோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். பூ மெல்ல அசைந்து வலமாகச் சுற்றியது. கட்டுச்சோறு தின்று, வீட்டைச் சுற்றிப் பார்த்து, விலை பேசிவிட்டு வந்து பார்த்தபோதும் தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கோயம்புத்தூர் வீட்டு மனையில் ஊற்றிய தண்ணீர் திரும்பிப் பார்ப்பதற்குள் வற்றிப் போயிருந்ததாம். அதனால்தான் பிள்ளைக்கு நோய் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார்.

தண்ணீருக்குத் தவிக்கிற ஊர்க்காரன் எழுதிவைத்த சாஸ்திரம் அது. மண்ணே தண்ணீரால் நிரம்பிக் கிடக்கிற இடத்தில் குழித் தண்ணீர் எங்கே போகும்? அடியிலிருந்து ஊறி மேலே வந்தது, அந்த ஊற்றுத்தான் பூவைச் சுற்றியது. இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அப்பா அந்தக் குழிக் கரையில் கைகூப்பி நின்றார். அவரோடு சேர்ந்து நானும் கும்பிட்டேன்.

கோயம்புத்தூர் வீட்டை விற்று, மில் வேலையை விட்டு, வைகாசியில் குடிபோனோம். கேரட் போட்டுப் பிழைத்துக்கொள்வது என்று திட்டம். சாமான் இறக்கிய அன்று மேலூரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். வெள்ளை முண்டுத் துணியைத் தோளோடு கட்டியிருந்தாள், அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். கையில் ஒரு கூடை உருளைக்கிழங்கு. வீட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம், "கீழயேவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அம்மா. அந்தப் பெண் தங்கையின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

மழை ஆனி பிறந்ததும் பிடித்தது. கோயம்புத்தூர் மழை ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போகும். இது போகவில்லை. பத்து நாள், இருபது நாள், ஒரே சீராக. முதலில் உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராகிக் கிடந்தது. அப்புறம் தீப்பெட்டி பற்றவில்லை. சுவரில் கை வைத்தால் கை நனைந்தது. ஒரு நாள் காலையில் பாயைச் சுருட்டியபோது அடியில் தரை பளபளத்தது. கூரை ஒழுகவில்லை. தண்ணீர் தரைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அப்பா வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார். வெட்ட வெட்ட வாய்க்கால் நிறைந்தது. சாக்கைப் போட்டார், சாம்பலைப் போட்டார், செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு எங்களைப் படுக்க வைத்தார்.

அம்மாவின் கல்யாணப் புடவை பெட்டிக்குள்ளேயே பூசணம் பிடித்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. இருந்த ஒரே கல்யாணப் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது அப்பாவின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. அம்மாவும் மாலையும் மட்டும் மிஞ்சினார்கள். அந்த வீட்டின் வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஈரச் சாக்கு, அழுகிய கேரட் தழை, எங்கள் நான்கு பேரின் கம்பளி. என் பேத்தி நனைந்த குடையை வீட்டுக்குள் மடக்கி வைத்தால் நான் கத்திவிடுகிறேன். பாவம், அவளுக்கு ஏன் என்று தெரியாது.

தங்கையைச் சொல்லவேண்டுமே. பூனைக்குட்டிச் சத்தம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பெரிதாக. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். டாக்டர் ஊட்டியில். இரண்டு மைல் மழையில் தூக்கிப் போனால்தான் பஸ், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு நடை. நான் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே, இவள் செத்துப்போனால் அம்மாவும் செத்துப்போவாள் என்று கணக்குப் போடுவேன். ஒன்பது வயதில் வேறு எதை நினைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஒரு நாள் அப்பா உரம் வாங்கப் போயிருந்த நேரத்தில் தங்கைக்கு மூச்சு முட்டிக்கொண்டது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலூருக்கு ஓடினாள், நான் பின்னால் குடை பிடித்தபடி. உருளைக்கிழங்கு கொண்டுவந்த பெண் தன் வீட்டு அடுப்பருகே இடம் விட்டாள். அந்த வீட்டுத் தரை காய்ந்து கதகதவென்று இருந்தது. வெந்நீர் குடித்து, ஒரு மணி நேரத்தில் தங்கை படுத்துத் தூங்கினாள். படுத்துத் தூங்கினாள் என்பதைக் கவனியுங்கள். நடுவில் இருந்த தூரம் ஒரு நானூறு படி இருக்கும். மழை ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

அப்போதுதான் அம்மா அவளிடம் கேட்டாள். கீழே இப்படி என்று உங்களுக்குத் தெரியுமே, அக்கா, வாங்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. சந்தைத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்: "பள்ளத்துல நாங்க மாடு கூடக் கட்ட மாட்டோம்மா. மழையில தண்ணி, பனியில உறைபனி. உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்க, போனாங்க. எங்களை யாரும் கேக்கலையே."

மழை விடும்வரை பிள்ளையை என்னிடம் விட்டுவிடு என்றும் சொன்னாள். சாயங்காலம் வந்த அப்பா கேட்கவில்லை. சொந்த வீடு இருக்கும்போது பிள்ளையை ஊரான் வீட்டில் விடுவதா என்றார். தங்கையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அந்த நானூறு படியும் அம்மா வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தாள். அதற்கு முன் அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கெட்டவர் இல்லை. தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தும் அதைத் தாங்க முடியாதவர். இப்போது நமக்கும் அந்த வயது தாண்டிவிட்டது, அந்தச் சுபாவம் எத்தனை பேருக்கு உண்டு என்று தெரிகிறது.

மார்கழியில் உறைபனி விழுந்தது. காலையில் கதவைத் திறந்தால் பள்ளம் முழுவதும் வெள்ளை, மேலூர் மட்டும் பச்சையாக இருந்தது. எங்கள் கேரட் தழை வெந்நீர் கொட்டினது போலக் கருகிக் கிடந்தது. அந்த வாரமே தங்கையை ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த மழைக்கு இந்தப் பிள்ளை அந்த வீட்டில் இருந்தால் பிழைக்காது.

எங்கே வேண்டுமானாலும் என்றால் எங்கே? இருந்ததெல்லாம் அந்தப் பள்ளத்தில் கிடந்தது. அம்மா அப்பாவுக்குச் சொல்லாமல் மேலூர்ப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். அவள் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், இடம் இல்லை. மாமா வீடு பஞ்சாலைத் தெருவில். வீடு விற்றால்தான் உண்டு, அதுவும் ஆனிக்கு முன்னால்.

தை, மாசியில் யாரும் வரவில்லை. பங்குனியில் சுவரெல்லாம் காய்ந்தது. அப்பா சுண்ணாம்பு வாங்கி வந்தார். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டை நானும் அம்மாவும் தேங்காய்நாரால் தேய்த்தோம், அப்பா மேலே வெள்ளையடித்தார். மூன்று கை அடித்தபின் மறைந்தது. எங்களுக்கு முன் இந்த வீட்டை விற்றவர்களும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

சித்திரையில் ஒருவர் வந்தார், பிடித்திருந்தது, போகிற வழியில் மேலூரில் விசாரித்தார், பிறகு வரவேயில்லை. அடுத்து வந்தவர்களை அப்பா மேலூர் வழியாகக் கூட்டி வராமல் ஓடைக்கரை வழியாகக் கூட்டி வந்தார். வைகாசி பிறந்து ஒரு வாரத்தில் கோடை மழை ஒன்று பெய்தது. ஒரே மழை. அதற்கே தங்கைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. மாரியம்மா, என்னை எடுத்துக்கோ என்று சுவரோடு தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பல்லடம் பக்கம் என்றார்கள். அவள் இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை, பெண் குழந்தை, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு. அம்மா காலையிலேயே தங்கைக்கு மாத்திரையைக் கொடுத்து வெயிலில் உட்கார வைத்திருந்தாள். அப்பா என்னிடம், யாராவது ஏதாவது கேட்டால் தெரியாதுங்க என்று சொல்லிவிடு என்றிருந்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பொய் சொல்லச் சொல்லவில்லை.

ஆண்கள் இருவரும் எல்லைக்கல் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் என்னைத் தனியாக ஓடைப் பக்கம் கூப்பிட்டாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டாள்: "விக்கறவங்க ஆயிரம் சொல்லுவாங்க, அம்மிணி. நீ பொய் சொல்ல மாட்டே. மழைக்கு ஊட்டுக்குள்ள தண்ணி வருமா?"

"வராதுங்க."

"ஓதம்? செவுத்துல ஈரம்?"

"அதெல்லாம் இல்லீங்க. என்ற தங்கச்சிக்கு இழுப்பு இருந்துச்சுங்க. இங்க வந்துதானுங்க நல்லாச்சு."

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அந்தக் குழந்தை என் சடையைப் பிடித்து இழுத்தது, அவள் சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது அம்மா தண்ணீர்க் குடத்தோடு பத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். வீட்டுக்குள் போய் அவர்களுக்குக் காப்பி போட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்கள். ஒரே பொய்யில் ஒரு வீட்டை விற்றவள் நான்.

வைகாசி முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் அப்பாவுக்குக் காய்கறி மண்டியில் வேலை கிடைத்தது. காய்ந்த தரையுள்ள ஒரு வாடகை வீடு. தங்கை தேறினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஆனாலும் தேறினாள்.

ஆடிப் பதினெட்டு அன்று மாமா வந்தார். சாப்பாட்டின் நடுவில் சொன்னார், யாரையும் பார்க்காமல். "மலையூட்டுக்காரங்க கீழ எறங்கிட்டாங்க. அந்தக் கைக்கொழந்தை தங்கலியாம்." என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டாள். சளி கட்டி, ஊட்டிக்குக் கொண்டு போகிற வழியிலேயே என்றார். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். எந்தக் கொழந்தை, எந்தக் கொழந்தை என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. நீயும் என்னோடு சேர்ந்துவிட்டாயே என்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பத்து வயது.

அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் யாராவது தங்கை தேறியதைப் பற்றிக் கேட்டால் அம்மா, மலைக்குப் போய் ஒரு வருஷம் இருந்தோம், அங்கே போய்த்தான் நல்லாச்சு என்பாள். என் வார்த்தைகளைத்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அது எங்கள் குடும்பத்தின் கதையாகிவிட்டது. அம்மா, அப்பா இருவருமே போய்விட்டார்கள். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தங்கைக்கு இப்போது ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. இரண்டு பேரன்கள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள். போன மாதம் போன் செய்தாள். அக்கா, அந்த மலை வீட்டை ஒரு தடவை பார்க்கவேண்டும், முடிந்தால் அந்த இடத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றாள். "என்னைப் பொழைக்க வெச்ச எடமில்லையா அக்கா அது?"

போகலாம் என்றேன். ஆடியில் போகலாம் என்றேன். ஆடியிலா, மழை கொட்டுமே என்றாள். கொட்டட்டும், மழையில்தான் பார்க்கவேண்டும் என்றேன். சரி என்று சிரித்தாள், கிழவிக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். அவளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும், அவள் பிழைத்தது எதனால் என்று. மலைப்பாதையில் பர்லியார் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும், மேலே ஏறிவிட்டால் எனக்கு வாய் வராது. எந்தக் குழந்தை என்று அன்றைக்குக் கேட்டாளே, அந்தக் குழந்தையின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இருந்திருந்தால் அதற்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது இருக்கும்.